பழைய ஃபிலிம் கேமராக்கள்: சேர்த்து வைப்பதா, எடுத்துப் புழங்குவதா?

ரோல்பெட்டி (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருக்கும் ஃபிலிம் கேமராக்கள் நூறை நெருங்கிவிட்டன. ஆக்ஃபா கிளிக் 3, ஐசோலி, யாஷிகா மேட் 124 ஜி, எலக்ட்ரோ 35, எஃப்எக்ஸ்-3, நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000, கேனன் ஏஇ-1, ஒலிம்பஸ் ஓஎம்-1, ரஷ்யாவின் ஜோர்க்கி, ஜெனிட், பேர் தேய்ந்துபோன கோடாக் பாக்ஸ்கள் என்று பட்டியல் நீளம். பாதிக்கு மேல் பழைய ஸ்டுடியோக்கள் மூடியபோது வாங்கியவை. மீதி, தெரிந்தவர்கள் வீட்டுப் பரணில் இருந்தது என்று கொடுத்தவை. பல இன்னும் டிரங்குப் பெட்டிகளிலேயே கிடக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எடுக்காத கேமராவை ஒருவர் வைத்திருக்கக் கூடாது. அழகுக்காக அலமாரியில் நிற்கும் கேமரா நான்கைந்து வருடத்தில் செத்துப்போகிறது. அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: நான் முறைவைத்து ஃபிலிம் போட்டு ஓட்ட முடிகிற அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைப் படம் எடுப்பவர்களுக்குக் கொடுத்துவிடப் போகிறேன். பெரிய சேகரிப்பு வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மாற்றுக் கருத்து இருந்தாலும் சொல்லுங்கள்.

ஸ்க்ரூடிரைவர் (கோவை)

உங்கள் கருத்தில் முக்கால்வாசி சரி சார். கேமரா ரிப்பேர்தான் எனக்குத் தொழில், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

மெக்கானிக்கல் ஷட்டரில் (வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் கதவு) முதலில் கெடுவது மெதுவான வேகங்கள். 1 செகண்டு, 1/2, 1/4 இவற்றுக்கு உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரத் தொடர் இருக்கிறது. ஷட்டரை அந்த வேகத்தில் வைத்து அழுத்தினால் 'ஸ்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது அந்தச் சக்கரங்கள் ஓடும் சத்தம். கேமரா சும்மா கிடந்தால் அதில் இருக்கும் கிரீஸ் இறுகி, எண்ணெய் ஆவியாகிப் பசையாகிவிடும். சத்தம் பாதியில் திக்கும், அப்புறம் நின்றே போகும். மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஐந்தாறு தடவை அழுத்திவிட்டால் இதைப் பல வருடம் தள்ளிப்போடலாம். ஃபிலிம் போட வேண்டும் என்பதுகூட இல்லை.

ஃபோம் மட்டும் இதற்கெல்லாம் கட்டுப்படாது. பின்மூடி ஓரங்களில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டிய கறுப்பு ஃபோம், எடுத்துப் புழங்கினாலும் புழங்காவிட்டாலும் தார் மாதிரி உருகி ஒட்டும். ஓஎம்-1-இல் இன்னும் மோசம். வ்யூஃபைண்டருக்குள் காட்சியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான பிரிசத்துக்கு மேல் ஒட்டிய ஃபோம் உருகி, பிரிசத்தின் வெள்ளிப் பூச்சையே அரித்துவிடும். வ்யூஃபைண்டரில் கீழே கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் அதுதான் காரணம். யாரிடம் ஓஎம்-1 இருந்தாலும் மேல்மூடியைத் திறந்து அந்த ஃபோமை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தபின் அங்கே எதையும் திரும்ப ஒட்ட வேண்டியதில்லை.

எலக்ட்ரோ 35-இலும் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு உண்டு. ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது 'டக்' என்று ஒரு அடி விழும் சத்தம் கேட்டால் ரப்பர் நன்றாக இருக்கிறது. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் கரைந்துவிட்டது, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரும் தாறுமாறாகும். வாங்கும்போது காதை வைத்துக் கேளுங்கள்.

கும்பகோணம் ஸ்டுடியோ

தம்பி ரோல்பெட்டி, உங்கள் ஆர்வம் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் 'படம் எடுக்காததை வைத்திருக்கக் கூடாது' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஸ்டுடியோவில் வாகீஸ்வரி ஃபீல்டு கேமரா ஒன்று இருக்கிறது. ஆலப்புழையில் 1940களில் தொடங்கி, தேக்கு மரத்திலும் பித்தளையிலும் இழைத்துச் செய்தது. அந்தக் காலத்தில் தென்னாட்டு ஸ்டுடியோக்களில் அதைக் காணாமல் இருக்க முடியாது. லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே விரிந்து மடங்கும் பெல்லோஸின் மடிப்புகளில் இப்போது ஊசித்துளைகள் இருக்கின்றன. அதில் ஃபிலிமுக்குப் பதில் போடும் தகடும் அந்த அளவுக்கு எளிதாகக் கிடைப்பதில்லை. ஆக, அதில் நான் படம் எடுப்பதில்லை. கொடுத்துவிடவா சொல்கிறீர்கள்?

அந்த மரச்சட்டத்தின் வலது மூலையைப் பார்த்தால் பாலிஷ் போய் வெறும் மரம் தெரியும். எங்கள் அப்பா தலையைக் கறுப்புத் துணிக்குள் நுழைத்து, இடது கையால் திருகிக்கொண்டே வலது கையை ஊன்றும் இடம் அது. பக்கத்தில் பித்தளைத் திருகில் பல் தேய்ந்து, ஃபோகஸ் ஓரிடத்தில் கொஞ்சம் வழுக்கும். அந்த இடம் எது தெரியுமா? ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்த ஆளின் மார்பளவுப் படத்துக்கான தூரம். இத்தனை வருடம் எல்லோரையும் அந்த ஒரே தூரத்தில்தான் எடுத்திருக்கிறார். இதை எந்தப் புத்தகமும் சொல்லாது, அந்தக் கேமரா சொல்கிறது. படம் எடுக்க முடியாவிட்டாலும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

ரோல்பெட்டி (திருச்சி)

ஐயா, வாகீஸ்வரியைக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. அது ஒரே இடத்தில் ஒரே குடும்பத்தில் உழைத்த கேமரா. நான் சொல்வது என்னிடம் இருக்கும் நாலு எஃப்எக்ஸ்-3, மூன்று கே1000 மாதிரியானவை. எல்லாம் ஒரே மாடல், எல்லாம் ஓடுகிற கேமரா, ஒன்றில்தான் நான் எடுக்கிறேன். மற்றவை என் பீரோவில் இருப்பதால் யாருக்கும் பயனில்லை.

மும்பையின் திலீஷ் பரேக்கிடம் 4,425 கேமராக்கள் இருந்ததாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. அவ்வளவு வைத்திருப்பவர் அருங்காட்சியகம் போலத்தான் நடத்த முடியும். நான் அந்த வழியில் போக விரும்பவில்லை. எனக்குப் படம் வேண்டும்.

புதுரோல் (சென்னை)

அண்ணா, நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். தாத்தாவின் யாஷிகா எலக்ட்ரோ 35 கிடைத்தது. பேட்டரி எங்கேயும் கிடைக்கவில்லை. கடையில் கேட்டால் அந்த மாதிரி பேட்டரியே இப்போது வருவதில்லை என்கிறார்கள். என்ன செய்வது?

ஸ்க்ரூடிரைவர் (கோவை)

தம்பி, கடைக்காரர் சொன்னது உண்மை. அந்தக் காலத்துப் பல கேமராக்களில் மெர்க்குரி பேட்டரி போடுவார்கள். பாதரசம் மண்ணையும் நீரையும் கெடுக்கும் என்று உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். எலக்ட்ரோவுக்கு 5.6 வோல்ட் வேண்டும். இப்போது கிடைக்கும் 6 வோல்ட் அல்கலைன் பேட்டரியை அடாப்டருக்குள் போட்டால் வேலை செய்யும். நீளம் குறைவு என்பதால் ஸ்பிரிங் வைத்து நிரப்ப வேண்டும். பேட்டரி இல்லாவிட்டால் அந்த ஷட்டர் ஒரே வேகத்தில்தான் அடிக்கும், அதை வைத்துக் கேமரா கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

1.35 வோல்ட் மெர்க்குரி போட்ட ஓஎம்-1, யாஷிகா மேட் 124 ஜி போன்றவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 சைஸ் ஜிங்க் ஏர் பேட்டரியை மெடிக்கல் ஷாப்பில் வாங்குங்கள். 1.4 வோல்ட், கிட்டத்தட்ட சரியாக இருக்கும். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வைத்தால் ஆடாது. ஸ்டிக்கரைக் கிழித்ததும் காற்றுப்பட்டு வேலை செய்ய ஆரம்பிக்கும், இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். சாதாரண 1.5 வோல்ட் பட்டன் செல் போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும், படம் இருட்டாக வரும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்குக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அதன் சர்க்யூட் வோல்ட் கொஞ்சம் மாறினாலும் சரியாகக் காட்டும்படி அமைத்தது.

எந்தக் கேமராவாக இருந்தாலும் எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஷட்டர் நன்றாக இருந்தும், உள்ளே பேட்டரி கசிந்து பச்சைப் பூத்து மீட்டர் ஒயரையே தின்றுவிட்ட கேமராக்கள் என் மேஜைக்கு வராத வாரம் இல்லை.

சிங்கை ஒளி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வருடம் முழுக்க ஈரப்பதம்தான், ஆகவே ஃபங்கஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். நரம்பு நரம்பாகக் கிளைத்து வெள்ளை நூல் தெரிந்தால் ஃபங்கஸ். ஆரம்பத்திலேயே பிரித்துத் துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால் அது சுரக்கும் அமிலம் லென்ஸின் கோட்டிங்கையே அரித்துவிடும். அப்புறம் துடைத்தாலும் அந்தத் தடம் போகாது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் ஆபத்து. 45 முதல் 50-க்குள் வைத்திருங்கள். ரொம்பவும் காய வைத்தாலும் தோலும் பெல்லோஸும் விரிசல் விடும், 30-க்குக் கீழே போக விடாதீர்கள்.

எல்லோரிடமும் டிரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) இருக்காது. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன ஈரமானி. இது போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தெடுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். கேமராவோடு வந்த தோல் உறைகளைத் தனியாக வையுங்கள். அவைதான் ஈரத்தைப் பிடித்து வைத்து ஃபங்கஸை வளர்க்கின்றன. உறையோடு பத்திரமாக வைத்திருந்தேன் என்று சொல்பவர்களின் லென்ஸ்தான் பெரும்பாலும் மோசமாக இருக்கும்.

டிரங்குப் பெட்டி என்று படித்தேன். ரோல்பெட்டி, முதலில் அவற்றைத் திறந்து பாருங்கள்.

உதகைவாசி

இந்த இழையில் ஒரு பெயர் வரவில்லை. எங்கள் ஊர் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு நிறுவனம். ஃபிலிம் பூசும் வேலைக்குத் தூசி ஆகாது, வெக்கை ஆகாது, நல்ல தண்ணீர் வேண்டும். நீலகிரி அதற்குப் பொருத்தமாக இருந்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல், பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் வந்தன. எங்கள் வீட்டில் இருவர் அங்கே வேலை பார்த்தார்கள். ஃபிலிம் பூசும் பகுதி முழு இருட்டில் இயங்கும். வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசும் என்று அப்பா சொல்வார்.

1990களில் நலிவடைந்த நிறுவனமாக அறிவித்தார்கள். பிறகு படிப்படியாக ஆட்களைக் குறைத்து மூடிவிட்டார்கள். நீங்கள் எல்லோரும் வைத்திருக்கும் கிளிக் 3, பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்தது. 120 ரோல் போட்டால் பன்னிரண்டு சதுரப் படம். அந்தக் கேமராவும் இந்த ஃபிலிமும் சேர்ந்துதான் நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களின் படங்களை எடுத்தன. ஆகவே கிளிக் 3-ஐப் பொம்மைக் கேமரா என்று ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பழைய இந்து டப்பா யாரிடமாவது பிரிக்காமல் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதன் பெட்டி அட்டையும் பாதுகாக்க வேண்டிய பொருள்தான்.

ரோல்பெட்டி (திருச்சி)

சிங்கை ஒளி, டிரங்குப் பெட்டிகளைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பியிருக்கிறேன். உதகைவாசி, உங்கள் பதிவைப் படித்தபின் கிளிக் 3-இல் ஒரு ரோல் போட்டேன். நல்ல வெயிலில் அந்த லென்ஸ் நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் கரைந்தும் தருகிறது. முகங்களுக்கு அது நன்றாக இருக்கிறது.

முறைவைத்து ஓட்டுவது எப்படி என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். இங்கேயே எழுதுகிறேன். ஒரே நேரத்தில் மூன்றே மூன்று கேமராவில்தான் ஃபிலிம் இருக்கும். ஒன்று 120 (அகல ரோல்), இரண்டு 35 எம்எம். ஃபிலிம் போட்டதும் டப்பா அட்டையைக் கிழித்துப் பின்மூடியில் செருகிவிடுவேன். எந்த ஃபிலிம், என்ன ஐஎஸ்ஓ, என்று போட்டது, இவை அதில் இருக்கும். ரோல் முடியாமல் அடுத்த கேமராவுக்கு ஃபிலிம் கிடையாது. இது மட்டும் இல்லாவிட்டால் பத்துக் கேமராவில் பத்து அரைகுறை ரோல் கிடந்து, எதில் என்ன எடுத்தோம் என்றே மறந்துபோகும். ஃபிலிம் இல்லாதவற்றுக்கு ஸ்க்ரூடிரைவர் சொன்ன மாதாந்தர அழுத்தல்.

இன்னொன்று. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு குணம், ஒரு தடை உண்டு. ஜோர்க்கி 4-இல் குமிழைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். முன்னாலேயே திருகினால் உள்ளே முறிந்துவிடும். லென்ஸுக்குள் இதழ் இதழாகத் திறக்கும் பல பழைய இலை ஷட்டர்களில் இதற்கு நேர் எதிர், உச்ச வேகத்தை ஏற்றுவதற்கு முன்னாலேயே வைக்க வேண்டும். கே1000-க்கு மீட்டர் ஸ்விட்ச் கிடையாது, லென்ஸ் மூடியை மாட்டாவிட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். பழைய செல்ஃப் டைமர் லீவர் எதையும் தொடவே தொடாதீர்கள், பாதியில் நின்றால் ஷட்டரும் அதோடு மாட்டிக்கொள்ளும். இவற்றையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கேமரா வாரில் கட்டியிருக்கிறேன். நூறு கேமராவின் விதிகளை யாரும் தலையில் வைத்திருக்க முடியாது.

புதுரோல் (சென்னை)

அண்ணா, ஃபிலிம் விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒரு கலர் ரோல், கழுவ, ஸ்கேன் பண்ண என்று சேர்த்தால் நல்ல தொகை ஆகிறது. நூறு கேமராவை எப்படி ஓட்டுகிறீர்கள்?

சிங்கை ஒளி

கறுப்பு வெள்ளைக்கு வாருங்கள், வீட்டிலேயே கழுவுங்கள். நூறு அடி சுருளாக வாங்கிப் பழைய டப்பாக்களில் நீங்களே சுற்றிக்கொண்டால் 36 படம் கொண்ட பதினெட்டு ரோல் வரும். விலை கணிசமாகக் குறையும். சினிமா ஃபிலிமைச் சுற்றி விற்பதும் இப்போது நிறையக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: அதன் முதுகில் கரிப் பூச்சு இருந்தால் சாதாரண கலர் லேபில் கொடுக்காதீர்கள். அந்தக் கரி மெஷினில் கலந்து மற்றவர்களின் ரோலையும் கெடுக்கும். சமையல் சோடா கரைத்த வெந்நீரில் முதலில் ஊறவைத்துக் கரியை உரித்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

கும்பகோணம் ஸ்டுடியோ

கழுவுவதைப் பற்றி நானும் சொல்கிறேன் தம்பி. டெவலப்பர் டப்பாவில் 20 டிகிரி என்று போட்டிருக்கும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் கோடையில் முப்பதைத் தாண்டும். சூட்டில் கழுவினால் நேரம் நாலு நிமிடத்துக்கும் கீழே வந்து, படத்தில் திட்டுத்திட்டாக ஏறும். நாங்கள் முந்தின நாள் இரவே மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைப்போம், விடியற்காலையில் கழுவுவோம். குளிர்ச்சி போதாவிட்டால் டிரேயைச் சுற்றிலும் ஐஸ். டெவலப்பர் மட்டும் குளிர்ந்து, படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்சரும் கழுவும் தண்ணீரும் சூடாக இருந்தால் ஜெலட்டின் சுருங்கி நெகட்டிவில் வலை மாதிரி சுருக்கம் விழும். எல்லாவற்றையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் எடுத்தால் உப்புத் தடம் இருக்காது.

சரி, ரோல்பெட்டி தம்பிக்கு ஒரு யோசனை. கொடுத்துவிடுவதற்குப் பதில் இரவலாகக் கொடுங்கள். கொடுத்த கேமரா அடுத்த வருடம் பழைய சாமான் கடையில் கிடக்கலாம். இரவல் வாங்கியவன் திருப்பித் தர வேண்டும் என்பதால் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான்.

ஸ்க்ரூடிரைவர் (கோவை)

நானும் அதையே சொல்வேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே மாடல் மூன்று நாலு இருந்தால் ஒன்றை உதிரிக்கென்று ஒதுக்கி வையுங்கள். இவற்றுக்குப் புது பார்ட்ஸ் எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. ஒரு கே1000-ஐக் காப்பாற்ற இன்னொரு கே1000-தான் வேண்டும். ஆனால் உதிரிக்கு ஒதுக்கியது ஏற்கெனவே செத்ததாக இருக்கட்டும். ஓடுகிற கேமராவைப் பிரிக்கச் சொன்னால் நான் பிரிக்க மாட்டேன்.

உதகைவாசி

அப்படியே எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். யாருடைய கேமரா, எந்த ஊர் ஸ்டுடியோ, எப்போது வந்தது, என்ன பழுது, யார் சரிசெய்தார். வீட்டில் உள்ளவர்களுக்கு அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். நமக்குப் பின்னால் எல்லாம் எடைக்குப் போய்விடக் கூடாது. குருகிராமில் 2019-இல் மியூசியோ கேமரா என்ற அருங்காட்சியகம் திறந்தார்கள். நம் பக்கத்தில் ஸ்டுடியோ வரலாறு இவ்வளவு இருந்தும், அதைப் பதிந்து வைக்கும் வேலை பெரும்பாலும் உங்களைப் போன்ற தனி ஆட்கள் தலையில்தான் விழுகிறது.

ரோல்பெட்டி (திருச்சி)

கும்பகோணம் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். விற்பதும் இல்லை, தானமாகக் கொடுப்பதும் இல்லை, இரவல்தான். ஸ்டுடியோக்களிலிருந்து வந்தவற்றை ஓடினாலும் ஓடாவிட்டாலும் என்னிடமே வைத்து, உதகைவாசி சொன்னபடி நோட்டில் ஏற்றுகிறேன்.

இரவலுக்கு எஃப்எக்ஸ்-3 மூன்றும் கே1000 இரண்டும் இப்போதைக்குத் தயார். ஐந்திலும் ஃபோம் மாற்றி, 50 எம்எம் லென்ஸ் மாட்டி வைத்திருக்கிறேன். எஃப்எக்ஸ்-3 பேட்டரி இல்லாமலும் எல்லா வேகத்திலும் அடிக்கும், புதியவர்களுக்கு அதுதான் நல்லது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம். வாடகை கிடையாது. மாதம் ஒரு ரோலாவது எடுக்க வேண்டும், நெகட்டிவ் உங்களுடையது, ஒரு கான்டாக்ட் பிரிண்ட் (நெகட்டிவை அப்படியே பேப்பர் மேல் வைத்து எடுக்கும் பிரிண்ட்) மட்டும் எனக்கு. கீழே விழுந்தால் நீங்களே பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து கொடுங்கள்.

புதுரோல், உங்கள் எலக்ட்ரோவில் லீவரை இழுத்தீர்களா? 'டக்' கேட்டதா?

புதுரோல் (சென்னை)

கேட்டது அண்ணா. அடாப்டர் ஆர்டர் பண்ணிவிட்டேன். முதல் ரோல் கறுப்பு வெள்ளை 400-தான். தாத்தாவை அவர் கேமராவிலேயே எடுக்கப் போகிறேன்.

ஸ்க்ரூடிரைவர் (கோவை)

எடுங்கள் தம்பி. எலக்ட்ரோவில் மேலே மஞ்சள் விளக்கு எரிந்தால் வேகம் குறைவு என்று அர்த்தம், கையில் பிடித்தால் ஆடும். தாத்தாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, அப்பர்ச்சரை (லென்ஸின் துளையை) 2.8-க்குத் திறந்து பாருங்கள். விளக்கு அணைந்துவிடும்.